ஆட்டோ மோடும் 60,000 ரூபாயும்

ரொம்ப நாளாக எங்கள் கோஷ்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சண்டையைப் பற்றி எழுதப்போகிறேன். கேமரா சம்பந்தமான பதிவு. "பி.காம். படிக்கிறவனுக்கு அபர்ச்சரைப் பத்தி என்னடா தெரியும்" என்று விஸ்காம் நண்பர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், எங்கள் குறும்படக் கோஷ்டியின் கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கிறது. காசு எங்கே போகிறது என்று பார்க்கிறவனுக்குக் கருத்து சொல்ல உரிமை உண்டு :-)

விஷயம் இதுதான். ஆறு பேர், ஆளுக்கு 10,000 ரூபாய், மொத்தம் 60,000. புதுசாக ஒரு மிரர்லெஸ் பாடி வாங்கிவிட்டால் எங்கள் படங்கள் 'சினிமா மாதிரி' வந்துவிடும் என்பது நான்கு பேருடைய நம்பிக்கை. இப்போது இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 50 எம்எம். ஃபுல் எச்டி எடுக்கும், 4கே எடுக்காது. அதுதான் பெரிய குறையாம். ஒருத்தன் இஎம்ஐ போடத் தயாராக இருக்கிறான். இன்னொருத்தி வீட்டில் நகையை வைத்துத்தான் தர முடியும் போலிருக்கிறது, அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் ஓட்டு 'வேண்டாம்' என்பதற்கே. நேரில் காரணம் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால் இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

சென்ற மாதம் கல்லூரிகளுக்கு இடையேயான ஒரு குறும்படப் போட்டியில் வாலண்டியராக உட்கார்ந்து வரிசையாக 17 படங்கள் பார்த்தேன். நோட்டில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் கேமராவால் வந்த குறை, மறுபக்கம் செட்டிங்கால் வந்த குறை என்று எழுதிக்கொண்டே வந்தேன் (பற்று வரவு எழுதிப் பழகிய கை). கேமரா பக்கம் கடைசிவரை இரண்டு வரிதான். மறுபக்கம் பக்கம் போதாமல் பின்னால் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

அதில் முதலிடம் டியூப்லைட்டுக்கு. வகுப்பறையில், ஹாஸ்டல் ரூமில், ஆஸ்பத்திரி வராண்டாவில் எடுத்த காட்சிகளில் திரையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டை பட்டையாக ஊர்ந்துகொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். "கேமரா சரியில்லைடா" என்று எல்லோரும் சொல்வது இதைப் பார்த்துத்தான். கேமரா மேல் எந்தத் தப்பும் கிடையாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு வினாடியில் 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம், ஆக விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஷட்டர் 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் சரியாக இரண்டு துடிப்பு விழும். 1/100 வைத்தால் சரியாக ஒன்று. எல்லா ஃப்ரேமும் ஒரே வெளிச்சம். 1/60 வைத்தால்? ஒன்றே முக்கால் துடிப்புக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு ஃப்ரேமில் உச்சம் அதிகம் விழும், அடுத்ததில் பள்ளம் அதிகம் விழும். சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் படிக்காமல் வரி வரியாகப் படிக்கிறது என்பதால் அந்த வித்தியாசம் பட்டையாகத் தெரிகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

சரி, இந்த 1/60 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அவர்கள் டிவி அதற்கேற்ப வினாடிக்கு 30 ஃப்ரேம். நம் தூர்தர்ஷன் 1982-ல் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் பால் முறை (குடிக்கிற பால் இல்லை), அதில் வினாடிக்கு 25 ஃப்ரேம். டிவிப் பெட்டிகள் மாறிவிட்டன, ஆனால் கேமரா மெனுவுக்குள் பால், என்டிஎஸ்சி என்று இரண்டு பெயர் இன்னமும் உட்கார்ந்திருக்கிறது. யூட்யூபில் அமெரிக்கக்காரர் ஒருவர் "30 ஃப்ரேம், ஷட்டர் 1/60" என்று சொல்வதைக் கேட்டு நம் பையன்கள் அப்படியே வைக்கிறார்கள். அவர் ஊருக்கு அது சரி. இங்கே வைத்தால் பட்டை. இதில் ஒரு வேடிக்கை, நம் கைக்கு வரும் கேமராக்களில் முக்கால்வாசியை வடிவமைக்கும் ஜப்பானிலேயே பாதி நாடு 50 ஹெர்ட்ஸ், பாதி நாடு 60. டோக்கியோ ஒன்று, ஒசாகா இன்னொன்று. அவர்களுக்கும் இதே தலைவலிதான்.

ஆகவே மெனுவில் பால், 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. மாற்ற அரை நிமிஷம், செலவு பூஜ்யம். 30 ஃப்ரேம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பட்டை போய்விடும். எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது, அது மிக வேகமாகத் துடிக்கும். மலிவு எல்இடி பல்புகளைத்தான் நம்பக் கூடாது. கல்ச்சுரல்ஸ் மேடை டான்ஸை ஸ்லோமோஷனில் எடுக்கிறேன் என்று 120 ஃப்ரேமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 120 ஃப்ரேமில் ஷட்டர் 1/120-க்கும் மெதுவாகப் போகவே முடியாது, அதாவது முழுசாக ஒரு துடிப்புகூட ஃப்ரேமுக்குள் அடங்காது. உள்ளரங்கில் அந்த விளக்குகளுக்குக் கீழே எடுத்தால் பட்டையும் மினுக்கலும் நிச்சயம். உங்கள் கேமராவில் 100 ஃப்ரேம் இருந்தால் அதைப் போடுங்கள், 50 இருந்தால் அதில் 1/100 வையுங்கள். 60,000 ரூபாய் பாடி வாங்கினாலும் மின்சார வாரியம் மாறப்போவதில்லை.

ஷட்டருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அசைவு எப்படித் தெரிய வேண்டும் என்பது. பழைய ஃபிலிம் கேமராவுக்குள் அரைவட்டத் தகடு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். பாதிச் சுற்று ஒளி போகும், பாதிச் சுற்று மறைக்கும். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1/48 வினாடி ஒளி. (மௌனப்பட காலத்தில் கையால் சுற்றினார்கள், வேகம் ஆளுக்கு ஆள் மாறும். 1920களின் கடைசியில் பேசும்படம் வந்ததும் ஒலி இழுபடக் கூடாதே என்று 24 நிலைத்தது.) அந்த 1/48-ல் வீசுகிற கை லேசாகக் கலங்கலாகத் தெரியும், அந்தக் கலங்கல்தான் நூறு வருஷமாக நம் கண்ணுக்கு 'சினிமா' என்று பழகிப்போனது. நமக்கு 25-க்கு 1/50, அது டியூப்லைட்டுக்கும் ஒத்துப்போவது நம் அதிர்ஷ்டம். 1998-ல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்துக் கடற்கரைப் போர்க் காட்சியைப் பாருங்கள், தகட்டின் திறப்பை 90 டிகிரி, 45 டிகிரி என்று குறைத்து எடுத்தார்கள். மண் துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கும், மனிதர்கள் வெட்டி வெட்டி ஓடுவார்கள். அது பயமுறுத்துவதற்காக வேண்டுமென்றே செய்தது. நான் பார்த்த 17-ல் ஒரு காதல் படம் முழுக்க அதே மாதிரி இருந்தது. பார்க்கில் ஹீரோயின் நடந்து வருவது நார்மண்டி தரையிறக்கம் போல இருக்கிறது. காரணம் வெயில். ஆட்டோவில் விட்டால் வெளிச்சம் அதிகமானதும் கேமரா ஷட்டரைத்தான் முதலில் 1/1000, 1/2000 என்று ஏற்றும்.

வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடுமே என்றால், ஆமாம் வெளுக்கும். கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபிலிம் காலத்து விதி ஒன்று உண்டு, உச்சி வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எவ்வளவோ அதுவே ஷட்டர். அதாவது ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100. நமக்கு 1/50 வேண்டும், ஒளி இரண்டு மடங்காகிறது, ஆகவே எஃப் 22. இப்போது பின்னணி கொஞ்சம் மங்க வேண்டும், எஃப் 2.8 வேண்டும் என்று நினைக்கிறீர்கள். 22, 16, 11, 8, 5.6, 4, 2.8. ஆறு படி. ஒவ்வொரு படியிலும் ஒளி இரட்டிக்கும், ஆக 64 மடங்கு அதிக ஒளி. அந்த 64-ஐத் தடுக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கூலிங் கிளாஸ்தான் என்டி ஃபில்டர். கடையில் என்டி64 என்றே விற்பார்கள். எங்கள் கோஷ்டியில் அது இல்லை. 4கே பாடி வாங்க ஆசைப்படுகிற நான்கு பேரில் ஒருவரும் அதைக் கேட்டதும் இல்லை. புது பாடியிலும் அது இல்லாமல் பகல் காட்சி இப்படித்தான் வரும்.

அடுத்தது அபர்ச்சர், அதாவது எல்லோருக்கும் பிடித்த 'ப்ளர்'. எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது என்பது குழப்பும், ஆனால் அது வெறும் வகுத்தல். லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண். 50 எம்எம் லென்ஸில் 25 மிமீ துவாரம் என்றால் எஃப் 2. துவாரம் பெரிதாகப் பெரிதாக, ஃபோக்கஸில் நிற்கும் ஆழம் சுருங்கும். எங்கள் டிஎஸ்எல்ஆரில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார். அதில் 50 எம்எம்மை எஃப் 1.8-ல் வைத்து ஒன்றரை மீட்டரில் ஒருவரை நிறுத்தினால் முன்னும் பின்னும் சேர்த்துக் கூர்மையாக இருப்பது சுமார் 6 சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியிலிருந்து காதுக்கு அதைவிட அதிக தூரம். நடிகர் பெருமூச்சு விட்டு லேசாகச் சாய்ந்தால்கூட கண் ஃபோக்கஸை விட்டுப் போய்விடும். பிறகு ஆட்டோஃபோக்கஸ் முன்னும் பின்னும் துழாவும், அழுகைக் காட்சியின் நடுவே படம் மூச்சு வாங்கும். 17-ல் 9 படத்தில் இதைப் பார்த்தேன். எஃப் 4-க்கு வந்தால் அதே தூரத்தில் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர், ஒரு முகம் தாராளமாக அடங்கும், பின்னணியும் போதுமான அளவு மங்கும்.

குப்ரிக் 1975-ல் 'பேரி லிண்டன்' எடுத்தபோது மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைக் கொண்டுவந்தார் என்பது எல்லாப் பயல்களும் சொல்லும் கதை. அந்தக் காட்சிகளில் நடிகர்கள் எவ்வளவு குறைவாக அசைகிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அசைந்தால் ஃபோக்கஸ் போய்விடும்! அவருக்கு அந்தத் துவாரம் தேவைப்பட்டது இருட்டுக்காக. நம்மாட்கள் நண்பகலில் கேன்டீனில் அதைச் செய்கிறார்கள். கேன்டீனில் காட்சி வைத்ததே கேன்டீன் தெரியத்தானே? பின்னால் டீ ஆற்றுகிறவர், சுவரில் விலைப்பட்டியல், கடன் சொல்லி நிற்கும் ஜூனியர், எல்லாவற்றையும் வண்ண வண்ண உருண்டைகளாக ஆக்கிவிட்டால் அது எந்த ஊர்க் கேன்டீன்? 1941-ல் 'சிட்டிசன் கேன்' படத்தில் கிரெக் டோலண்ட் நேர் எதிராகச் செய்தார். துவாரத்தைச் சுருக்கி, அகன்ற லென்ஸ் போட்டு, விளக்கை அள்ளி வீசி, முன்னால் இருக்கிறவரும் ஜன்னலுக்கு வெளியே விளையாடும் குழந்தையும் ஒருசேரத் தெளிவாக (சில ஷாட்டுகளில் இரட்டைப் பதிவு வித்தையும் உண்டு). நமக்கு வீடும் தெருவும் கதைக்கு அவசியம் என்றால் எஃப் 8 ஒன்றும் பாவம் இல்லை. மங்கலான பின்னணி என்பது இப்போது வசதியின் அடையாளம் ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. லென்ஸ் விலை உயர்ந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கதைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

கிட் லென்ஸைப் பற்றி ஒரு சின்னத் தகவல், பலருக்கு இது தெரியாமல் எடிட்டிங்கில் முழிக்கிறார்கள். அதன் மேல் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். 18-ல் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்கு ஜூம் செய்தால் 5.6 வரைதான். நீங்கள் 3.5-ல் வைத்துக்கொண்டு ரெக்கார்டிங் ஓடும்போது ஜூம் செய்தால் படம் தானாக இருட்டும். 5.6-ல் வைத்துவிட்டு ஆரம்பித்தால் பிரச்சினை இல்லை.

ஐஎஸ்ஓ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோயில் திருவிழா மைக்கில் பாட்டி மெதுவாகப் பேசுகிறார், ஆம்ப்ளிஃபையரைத் திருகுகிறீர்கள். பாட்டி குரலும் கூடும், இரைச்சலும் கூடும். பாட்டி சத்தமாகப் பேசவில்லை. ஐஎஸ்ஓ அந்தத் திருகு. வெளிச்சத்தைக் கூட்ட வேறு வழியே இல்லாதபோது தொடுங்கள். ஒரு ஜன்னல் திரையை விலக்குவது எந்த ஐஎஸ்ஓவையும் விட மேல்.

இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம்.

போட்டியில் ஒரு படம், பெயர் வேண்டாம். அதில் நடித்த பெண் நல்ல கறுப்பு. கடைசிக் காட்சியில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து வசனமே இல்லாமல் அப்பாவைப் பார்க்கிறாள். படமே அந்தப் பார்வைதான். ஆனால் திரையில் சுவர் தெரிந்தது, அவள் முகம் இருந்த இடத்தில் ஒரு நிழல் தெரிந்தது. அடுத்த ஷாட்டில் எடிட்டிங்கில் இழுத்து வெளுப்பாக்கியிருந்தார்கள், முகம் சாம்பல் பூசினாற்போல ஆகிவிட்டது. அந்தப் பெண் எப்படி நடித்தாள் என்று அந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. நடுவர்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

அதைச் செய்தது ஆட்டோ எக்ஸ்போஷர். கேமராவின் மீட்டருக்கு முகம், சுவர், மனுஷன் என்ற பேதம் அடிப்படையில் கிடையாது. முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியாக ஒரு நடுச் சாம்பல் நிறத்துக்கு, அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பும் பரப்புக்கு, சமம் என்று எடுத்துக்கொண்டு அளக்கும். ஃப்ரேம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றால் 'ஐயோ வெளிச்சம் அதிகம்' என்று மொத்தத்தையும் குறைக்கும், கறுத்த முகம் அதலபாதாளத்துக்குப் போகும். வெள்ளை வேட்டி சட்டைக்காரர் பக்கத்தில் நின்றாலும் இதே கதி. ராத்திரித் தெருவில் எடுத்தால் எதிர்மாறாக, இருட்டைச் சாம்பலாக்கப் போய் முகத்தை வெளுத்துவிடும். இப்போது வரும் கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அப்போதும் கேமராதான். அவள் நிறம் அதற்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் கலர் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும், அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்றே பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்களின் பேதம் ஃபிலிமில் சரியாக வருவதில்லை என்று கறுப்பின மக்கள் குறைப்பட்டது ஒருபுறம் இருக்க, நிறுவனத்தை அசைத்ததில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் சொன்ன புகாருக்கு முக்கியப் பங்கு உண்டு என்று அங்கே வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்! பல நிறப் பெண்கள் இருக்கும் கார்டு வந்தது 1990களில்தான். வீடியோவிலும் அதே வாசனை உண்டு. கேமராவில் ஜீப்ரா என்று ஒரு வசதி இருக்கும், குறிப்பிட்ட வெளிச்ச அளவைத் தொட்ட இடத்தில் கோடு கோடாகக் காட்டும். அதை 70 சதவீதத்தில் வைத்து முகத்தின் பளிச்சென்ற பகுதியில் கோடு வரும்படி வெளிச்சம் வை என்பது பழைய டிவி விதி. அந்த 70 வெளிறிய தோலுக்கானது. நம் ஊர் மாநிறத்தை, கறுப்பை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் ஆள் வேறு ஆளாகிவிடுவார். 50, 55 பக்கம் வைத்துப் பாருங்கள், தோல் தோலாகத் தெரியும், நெற்றி வியர்வையின் மினுக்கம்கூட அழகாக வரும்.

கல்யாண வீடியோக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 'பொண்ணு கலரா வரணும்' என்று வீட்டார் கேட்கிறார்கள், அவர் ஒரு ஸ்டாப் ஏற்றி எடுக்கிறார், அது அவர் பிழைப்பு. நாம் காசு வாங்காமல் நம் இஷ்டத்துக்குப் படம் எடுக்கிறவர்கள். நமக்கு என்ன நிர்ப்பந்தம்? அந்தக் கடைசிக் காட்சியைச் சரியாக எடுக்க என்ன தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தேன். மேனுவல் மோட். முகத்தைப் பார்த்து அபர்ச்சரைத் திறந்துவிட்டு, சுவர் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விடுவது. அல்லது பெண்ணைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் உட்காரவைத்து, ஜன்னல் ஒளி பக்கவாட்டில் முகத்தில் விழும்படி திருப்பி, சுவர் தானாக இருளும்படி செய்வது. பக்கவாட்டு ஒளியில் கறுத்த தோலில் கன்னத்தின் வளைவும் கண்ணின் ஈரமும் தெரியும் அழகு வேறு எதிலும் வராது. அல்லது நீலச் சுவராகப் பார்த்து மாற்றுவது. மூன்றுக்கும் ஒரு பைசா கிடையாது.

ஒயிட் பேலன்ஸும் அப்படித்தான், ஆட்டோவில் விட்டால் ஒரே ஷாட்டுக்குள் ஒருவர் மஞ்சள் சட்டையோடு குறுக்கே போனால் எல்லோர் முகமும் நீலமாகும். வெயிலுக்கு 5600 கெல்வின், பழைய குண்டு பல்புக்கு 3200 பக்கம், டியூப்லைட்டுக்கு வெள்ளைத்தாளைக் காட்டி கஸ்டம். ஒருமுறை வைத்து, அந்தக் காட்சி முடியும்வரை தொடாமல் இருந்தால் போதும்.

லென்ஸுக்கு வருகிறேன். 'வைட் போட்டா முகம் கோணலாகும், 50 போட்டா அழகா வரும்' என்று சொல்வார்கள். முகத்தைக் கோணலாக்குவது லென்ஸ் இல்லை, தூரம். 18-ல் முகம் ஃப்ரேமை நிறைக்க வேண்டுமென்றால் மூக்குக்கு அருகே கேமராவைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அங்கே நின்று பார்த்தால் நம் கண்ணுக்கும் மூக்கு பெரிசாகத்தான் தெரியும். ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 எம்எம் ஏறக்குறைய 75-80 எம்எம் போலக் குறுகலாகப் பார்க்கும், அதனால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறோம், முகம் இயல்பாகிறது. இந்தத் தூர விளையாட்டைத்தான் ஹிட்ச்காக் 1958-ல் 'வெர்டிகோ' படத்தில் படிக்கட்டுக் காட்சிக்கு வைத்தார், கேமராவை ஒரு பக்கம் நகர்த்தி லென்ஸை எதிர்ப்பக்கம் ஜூம் செய்தால் பள்ளம் தானாக நீளும். ஆக எந்த லென்ஸ் என்று கேட்பதற்கு முன்னால், பார்க்கிறவர் அந்தப் பாத்திரத்திடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற கதையா, எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்க்கிற கதையா? அது தெரிந்தால் லென்ஸ் தானாக முடிவாகும். எங்கள் கையிலிருக்கும் இரண்டே லென்ஸில் 18-லிருந்து 55 வரை இருக்கிறது. பெரும்பாலான கதைக்கு அது போதும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். புது பாடிகள் இருட்டில் நிச்சயம் நன்றாக எடுக்கின்றன. ஆட்டோஃபோக்கஸ் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. 10-பிட் வீடியோ இருந்தால் எடிட்டிங்கில் நிறத்தை இழுக்கும்போது வானம் படிக்கட்டாக உடையாது. 4கே-யில் எடுத்தால் பின்னால் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். எல்லாம் உண்மை. தொழிலாகச் செய்கிறவருக்கு அது முதலீடு, மறுக்கவில்லை. என் நோட்டில் கேமரா பக்கம் இருந்த இரண்டு வரியும் ராத்திரிக் காட்சிகள்தான்.

ஆனால் நாங்கள் இறுதியாண்டு. போன வருஷம் மொத்தம் ஷூட்டிங் நடந்தது 7 நாள். படிப்பு முடிவதற்குள் இன்னும் 8 நாள் நடந்தால் அதிசயம். 60,000-க்கு வாங்கி, ஒரு வருஷத்தில் 35,000-க்கு விற்றோம் என்று வைத்துக்கொண்டால் தேய்மானம் 25,000. எட்டு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 3,125 ரூபாய். நான் விசாரித்த இரண்டு கடைகளிலும் இதைவிட நல்ல பாடியின் ஒரு நாள் வாடகை இதில் பாதிகூட வரவில்லை. அதுவும் ராத்திரிக் காட்சி இருக்கிற நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகப் போகும்போது கேமரா யார் வீட்டுக்குப் போகும் என்ற கேள்விக்கும் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. இஎம்ஐ போட்டவன் நடுவில் கட்ட முடியாமல் கைவிரித்தால் மீதி ஐந்து பேர் கார்னர் எதிர் முர்ரே வழக்கைப் போட்டுப் பங்கு பிரிக்க வேண்டியதுதான். வகுப்புத் தோழர்களுக்கு இந்த ஜோக் புரியும், மற்றவர்கள் மன்னிக்கவும் ;-)

என் மாற்று யோசனை ஆளுக்கு 1,500, மொத்தம் 9,000. அதில் முதலில் ஒரு என்டி ஃபில்டர், வெள்ளைத் தெர்மாகோல் இரண்டு (ஜன்னல் ஒளியைத் திருப்பி முகத்தில் போட), ஒரு சட்டை மைக். மீதியை வாடகைக்கு என்று ஒதுக்கி வைக்கலாம். நகை அவள் வீட்டிலேயே இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே பழைய டிஎஸ்எல்ஆரை எடுத்துக்கொண்டு எங்கள் ஹாஸ்டல் வராண்டாவில் டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு முகத்தை மட்டும் எடுப்போம். ஒருமுறை ஆட்டோவில், ஒருமுறை 25 ஃப்ரேம், 1/50, எஃப் 4 என்று மேனுவலில். இரண்டையும் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்துவிட்டு ஆறு பேரும் ஓட்டுப் போடட்டும்.

டிஸ்கி: செல்போனில் எடுக்கிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். பெரும்பாலான போன்களில் அபர்ச்சர் மாற்ற முடியாது, ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டும்தான். மேனுவல் ஆப் ஒன்று போட்டுக்கொண்டு 1/50-ல் பூட்டிவிடுங்கள். ஒலியைப் பற்றி இதில் ஒன்றுமே எழுதவில்லை, அது தனிப்பதிவுக்கான கோபம்.